பட்டறைப் பதில்கள்: கட்டுவதா, மாற்றுவதா?

(கோயம்புத்தூரில் 41 ஆண்டுகள் என்ஜின் போரிங் பட்டறை நடத்தி ஓய்வுபெற்றவர், பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, அப்பா விட்டுச்சென்ற 1968 அம்பாசடர் மார்க் 2 என்னிடம் இருக்கிறது. மாதம் இரண்டு தடவையாவது குளித்தலையிலிருந்து திருச்சிக்கு நானே ஓட்டிச் சென்று வருவேன். போன மாதம் திரும்பி வரும்போது ஜீயபுரம் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. எப்படியும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓட்டினேன். பெட்டவாய்த்தலையில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பிய பிறகுதான் நிறுத்தினேன். ரேடியேட்டரின் கீழ்க் குழாய் வெடித்திருந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் அதைச் சுற்றிக் கட்டித் தந்தார். வாய்க்காலிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் புறப்பட்டேன். கொஞ்ச தூரத்திலேயே உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். குளித்தலைக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது.

மெக்கானிக் என்ஜினை இறக்கிவிட்டார். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் உருகியிருக்கிறது, பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடல்) வெடித்திருக்கும், தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார். இதே மாதிரி பழைய என்ஜின் ஒன்று 38,000 ரூபாய்க்கு வருகிறதாம். இல்லாவிட்டால் இசுசு 1.8 என்ஜினை ஐந்து கியர் பெட்டியோடு போட்டுத் தருகிறேன் என்கிறார். இதையே கட்டினால் லட்சத்தைத் தாண்டுமாம். அண்ணனோ விற்றுத் தொலை என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, குளித்தலை

பதில்: அம்மா, உங்கள் மெக்கானிக் சொன்னதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை இரண்டு முறை படித்தேன். பேரிங் ‘உருகியிருக்கிறது’. பிளாக் ‘வெடித்திருக்கும்’. முதலாவது அவர் கண்ணால் பார்த்தது. இரண்டாவது அவருடைய ஊகம். அந்த ஊகத்தை நம்பி 38,000 ரூபாயை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாமல் இன்னொன்றையும் கேளுங்கள். குழாய் வெடித்தது சின்ன விஷயம். காய்ந்து கிடந்த இரும்புக்குள் வாய்க்கால் தண்ணீரை அப்படியே ஊற்றினீர்களே, அதுதான் பெரியது. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. பிளாக்கின் மேல்மூடியான ஹெட் சூட்டில் வளைந்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயிலுக்குப் பேரிங்கையும், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கையும் பிரித்து வைக்கும் தெம்பு கிடையாது. இரண்டும் உரசி, மூன்றாவது பேரிங் போய்விட்டது. தட்டல் சத்தம் கேட்ட இடத்திலேயே நிறுத்தியிருந்தால் ஒரு ஜோடி பேரிங்கோடு முடிந்திருக்கலாம். அதற்குப் பிறகு ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தின்றிருக்கிறது. எவ்வளவு தின்றது என்பது மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும்.

இதைப் போல ஒரு வண்டியில் நானே தப்பு செய்திருக்கிறேன். 1989-ல் ஒரு மருத்துவரின் அம்பாசடர் பட்டறைக்கு வந்தது. ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் போய், பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு கீறல் வேறு. அளந்து பார்க்கச் சோம்பல்பட்டு, ‘இதில் மெனக்கெட வேண்டாம் டாக்டர், நல்ல என்ஜின் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம்’ என்றேன். விற்றவர் முடுக்கியே காட்டினார். கடிகாரம் மாதிரி ஓடியது. நாங்கள் மாட்டிய மூன்றாம் மாதமே புகை. ஹெட்டைத் தூக்கினால் இரண்டு சிலிண்டரில் ஏற்கெனவே ஸ்லீவ் (உள்ளே செருகும் இரும்புக் குழல்) அடித்திருக்கிறது, மற்ற இரண்டும் 60 சைஸ், துளைத்துப் பெரிதாக்குவதில் கடைசி அளவு. விற்பதற்காகக் கெட்டியான ஆயிலை ஊற்றி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். மருத்துவரின் பழைய பிளாக்கை அதற்குள் நான் எடைக்குப் போட்டிருந்தேன். காயலான் கடைக்குப் போய்த் தேடியபோது உடைபடாமல் கிடந்தது. அங்கேயே குனிந்து அளந்தேன். 20 சைஸ்தான், முதல் அளவு. கீறல் தண்ணீர் ஓடும் வெளிச்சுவரோடு நின்றிருந்தது. விற்ற விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து அதைத் திரும்ப வாங்கினேன். அந்த மாதத்துக் கூலி முழுவதும் அதில் போயிற்று.

அதனால்தான் சொல்கிறேன்: பழைய என்ஜின் 38,000 என்பது அதன் விலை அல்ல, நுழைவுக் கட்டணம். அம்பாசடர் உற்பத்தியே உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. உங்கள் 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின் அதற்கு வெகுகாலம் முன்பே நின்றுபோனது. இன்று சந்தையில் கிடைப்பது எதுவாக இருந்தாலும் அதுவும் கிழடுதான். அதையும் பிரிக்க வேண்டும், பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கெட் செட், டைமிங் செயின் எல்லாம் வாங்க வேண்டும், அதே லேத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மெக்கானிக் சொன்ன வித்தியாசத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது: பிளாக், கிராங்க், ஹெட், நான்கு கனெக்டிங் ராடு, இவை அத்தனையையும் நன்றாகக் கழுவி ஒரு நல்ல லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். கரூரிலோ திருச்சியிலோ ஆள் இருப்பார்கள். வேலை செய்யச் சொல்லாதீர்கள். அளந்து சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். கூலியைக் கேட்டு முன்பணமாகவே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘வேலை தருவார்களா’ என்ற நினைப்பு சீட்டில் ஏறிவிடும்.

சிலிண்டரில் ஆறு இடம் அளக்க வேண்டும். மேலே, நடுவே, கீழே. ஒவ்வொன்றிலும் வண்டியின் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. நான்கு சிலிண்டருக்கு 24 எண்கள். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்குவாக்கில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். இந்த என்ஜின் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர். அதைத் துளைத்துப் பெரிதாக்கும்போது 20 சைஸ், 40 சைஸ், 60 சைஸ் என்று போகும். 20 சைஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 40 வரை கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். 60 கடைசி. அங்கே போனால் உங்கள் 1,489 சி.சி. என்ஜின் 1,552 சி.சி. ஆகிவிடும், கூடுதல் சக்தி என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை, சுவர் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் தேய்ந்திருந்தாலும் கதை முடியவில்லை. ஸ்லீவ் அடித்துப் பழைய 73.025-க்கே கொண்டுவந்துவிடலாம்.

கிராங்க்கில்தான் எனக்குக் கவலை. நான்கு ராடு பேரிங் உட்காரும் இடம், கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மூன்று மெயின் பேரிங் உட்காரும் இடம். ஆம், இந்த என்ஜினுக்கு மூன்றே மெயின் பேரிங்தான், ஒவ்வொன்றும் நிறையச் சுமக்கிறது. மூன்றாவது இடம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிராங்க் கிரைண்டிங் (கடைந்து சன்னமாக்குவது) அதே ஆயிரத்தில் பங்குக் கணக்கில் 10, 20, 30, 40 என்று இறங்கும். ராடு இடங்கள் நான்கையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும், கெட்டது ஒன்றுதானே என்று அதை மட்டும் கடைந்தால் பேரிங் செட் பொருந்தாது. கடைந்து 30-க்குள் நின்றால் நல்லது. கடைவதற்கு முன் விரிசல் சோதனை கட்டாயம். நாங்கள் முதலில் கிராங்க்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுவோம். மணி மாதிரி இழுத்து ஒலித்தால் பாதி நிம்மதி. மண்பானை மாதிரி அடங்கினால் அன்றைக்கு அந்த வேலை இல்லை. இது முதல் சோதனைதான். காந்தச் சோதனை செய்யும் இடம் இருந்தால் அங்கே அனுப்புங்கள். கடைபவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஓரத்தில் இருக்கும் சிறு வளைவைக் கூர்மூலையாக்கிவிடக் கூடாது. பிற்பாடு கிராங்க் முறிந்தால் அந்த மூலையில்தான் முறியும்.

பிளாக்குக்குப் பிரஷர் டெஸ்ட். தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, சூடான தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். தொட்டி இல்லாத பட்டறையில் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும். விரிசல் இருக்கிறதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெளிச்சுவரில் என்றால் தையல் போடலாம்: வரிசையாகத் துளையிட்டு, மரையாணி ஏற்றி இறுக்கும் வேலை, வெல்டிங் அல்ல. வார்ப்பிரும்பை முழுதும் சூடேற்றாமல் வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வெடிக்கும். சிலிண்டருக்குள் என்றால் ஸ்லீவ். மெயின் பேரிங்கைத் தாங்கும் குறுக்குச் சுவரில் என்றால் அந்த பிளாக்குக்கு விடை கொடுங்கள். நான் விடை கொடுக்கச் சொல்லும் இடம் அது ஒன்றுதான்.

ஹெட்டை நேர்சட்டம் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் மட்டம் பிடிப்பார்கள். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் விரிசல் பாருங்கள், குறிப்பாக நடுவில். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் வழி ஒன்றேதான், அதனால் அங்கேதான் சூடு அதிகம். ஹெட் வெளியே வந்திருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுவிட்டது. தேயாமல் காத்த அந்த ஈயத்தை நம்பி வார்த்த இருக்கைகள் இவை.

இசுசு விஷயம். அதற்கு நான் எதிரி இல்லை. கம்பெனியே 1992 முதல் அம்பாசடரில் அதைப் போட்டு விற்றது. வாடகை வண்டி வைத்திருந்தவர்கள் அதைக் கும்பிட்டார்கள். நீங்கள் தினமும் சென்னைக்குப் போய்வருகிறவராக இருந்தால் போடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் 1968 வண்டியில் அது வெறும் என்ஜின் மாற்றம் அல்ல. என்ஜினைத் தாங்கும் இடம் மாற வேண்டும், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாற வேண்டும், ஸ்டியரிங்கோடு இருக்கும் கியர்க் கம்பி போய்விடும், தரையை வெட்டிப் புதுக் கியர்க் கம்பியை நிறுத்த வேண்டும். சக்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நான்கு சக்கரத்திலும் இருக்கிற டிரம் பிரேக் அதே பழையது. அதை யார் கவனிப்பார்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

காகிதமும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் எழுதியிருக்கிறது, அந்த எண் பிளாக்கோடு சேர்ந்தது. பிஸ்டன், கிராங்க், ஹெட் எல்லாவற்றையும் மாற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது அதே என்ஜின். பிளாக்கை மாற்றினால் வேறு என்ஜின். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். வாங்கிய என்ஜினுக்கு ரசீது இல்லாவிட்டால் அங்கே போய் நிற்க முடியாது. இன்னொன்று, 2021-ல் வந்த விதியில் 50 வயது தாண்டிய கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய இடமிருக்கிறது. என்ஜினும் உடலும் அடிச்சட்டமும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியைத் திருச்சிக்குக் காய்கறி வாங்க ஓட்ட முடியாது, கண்காட்சி போன்ற சில காரியங்களுக்கு மட்டும்தான் எடுக்கலாம். அதனால் இப்போது உங்களுக்கு அது தேவையில்லை. நாளைக்கு உங்களுக்குப் பின் வருகிறவர் விரும்பினால் அந்த வழி திறந்திருக்கட்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: கட்டுங்கள். பிளாக்கின் குறுக்குச் சுவர் உடைந்திருந்தால் மட்டும் அந்தப் பழைய என்ஜினை வாங்குங்கள், அதுவும் ஹெட்டைக் கழற்றி அளந்த பிறகு, ரசீதோடு. உங்கள் பிளாக் நன்றாக இருந்து கிராங்க் மட்டும் போயிருந்தால்? அப்போதும் அந்த என்ஜின் பயன்படும், மாட்டுவதற்கல்ல, அதன் கிராங்க்கை எடுத்துக்கொள்வதற்கு. அப்படிச் சொல்லிப் பேசினால் 38,000-லிருந்து இறங்கி வருவார்கள்.

கட்டும்போது பிளாக்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் திருகுகளைக் கழற்றி, நீளத் தூரிகை விட்டுக் கழுவச் சொல்லுங்கள். உருகிய பேரிங்கின் துகள் உள்ளே ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் புதுப் பேரிங்கும் ஒரு மாதத்தில் அதே கதிக்கு வரும். சீட்டு வந்ததும் அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். அண்ணனிடம் அதுவரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். கழற்றிப் போட்ட வண்டியை விற்றால் எடைக்கு எடுப்பவர்தான் முதலில் வருவார்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 1958-ஆம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 இருக்கிறது. யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காத வருடங்களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். இப்போது நாலு சிலிண்டரும் 60 சைஸில் நின்றும் தேய்ந்துவிட்டன. வேறு என்ஜின் தேடட்டுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம். உங்கள் என்ஜினும் மேலே எழுதிய குளித்தலை அம்மாவின் என்ஜினும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதே 1,489 சி.சி. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் இருக்கும் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். அப்படி ஓடியும் இன்னும் 60-ல் நிற்கிறது என்றால் ஓட்டியவர்கள் அடிக்கடி ஆயில் மாற்றியிருக்க வேண்டும். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பிரஷர் டெஸ்ட் செய்துவிட்டு நான்குக்கும் ஸ்லீவ் அடியுங்கள். ஒன்றிரண்டுக்கு மட்டும் அடிப்பது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும், பிஸ்டன் வாங்கப் போகும்போது வருத்தப்படுவீர்கள். இங்கிலாந்திலிருந்து பிஸ்டன் தருவித்தால் கவனம். எம்.ஜி.ஏ. என்ற விளையாட்டுக் காரிலும் இதே 1,489 சி.சி. என்ஜின் இருந்ததால் அதன் பிஸ்டன்தான் எளிதில் கண்ணில் படும். விட்டம் பொருந்தும், ஆனால் பிஸ்டனின் மேல்முகம் வேறாக இருக்கலாம். வீட்டுக் காருக்கான பிஸ்டனையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 1984 பிரீமியர் பத்மினியின் என்ஜினை முழுதாகக் கட்டி வாங்கியிருக்கிறேன். முதல் ஒரு வாரம் வீட்டு வாசலில் நிறுத்தி மெதுவாக ஓடவிடுங்கள், பிறகு 1,000 கி.மீ. வரை 40-க்கு மேல் போகாதீர்கள் என்கிறார்கள். சரியா?
— வாசகர், காரைக்குடி

பதில்: வாசலில் ஓடவிடுவது முழுத் தவறு. ரிங் சிலிண்டரோடு பழக வேண்டுமானால் அதற்குச் சுமை வேண்டும். சும்மா நின்று ஓடினால் சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போய், ரிங் வழுக்கி, பிறகு ஆயுள் முழுக்க ஆயில் குடிக்கும்.

முதல் முறை முடுக்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் எழும் வரை செல்ஃப் மோட்டாரால் சுற்றவிடுங்கள். பிளக்கை மாட்டி ஓடத் தொடங்கியதும் ஊருக்கு வெளியே போய்விடுங்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் போகாதீர்கள், மேல் கியரில் இழுக்கத் திணறவும் விடாதீர்கள். 40 என்ற எண்ணுக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, இரண்டாவது கியரில் 40 வேறு, நான்காவதில் 40 வேறு. முதல் 500 கி.மீ.யில் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள், கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், கையில் நெருடும் துகள் இருந்தால் கட்டியவரிடம் உடனே போங்கள். பத்மினி ஃபியட்டின் வழி வந்த வண்டி, அதற்கு அலுமினிய ஹெட். அதனால் அதே 500-ல், இரவு முழுக்க ஆறவிட்ட என்ஜினில், ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகு வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் டேப்பட்டை இரண்டாம் முறையும் பார்க்க வேண்டியிருக்கும்.